மைக்கேல் ஜாக்சனுக்கு ஒரு ஒப்பாரி

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். என் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு வெளிநாட்டுப் பாடகன் அர்ஜென்டினாவில் ஓட்டல் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனான். அன்று விடிகாலையில் அழ ஆரம்பித்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, தெளிந்துவிட்டாள் என்று பார்த்தால், இப்போது அவனை அடக்கம் செய்கிறார்கள் என்று மறுபடியும் லீவு போட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் அப்பா இறந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. ஏற்காட்டில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தேன், அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அவன் போதையில் இருந்ததாகச் செய்தியில் வந்தது. போனில் சுற்றிய அந்தச் சடலத்தின் படத்தை நானும் பார்த்தேன். மனநல ஆலோசகரான என் நண்பர், “அவள் அவனுக்காக அழவில்லை, முடிந்துபோன தன் சின்ன வயதுக்காக அழுகிறாள், பயப்படாதே” என்கிறார். எங்கள் தலைமுறையில் இந்தப் பைத்தியம் இருந்ததா? அவளை நல்ல தமிழ்ப் பாட்டுப் பக்கம் திருப்ப ஒரு பட்டியல் தருவீர்களா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

கடிதத்தில் ‘ஒரு வெளிநாட்டுப் பாடகன்’ என்று இருக்கிறது, ‘அவன்’ என்று இருக்கிறது. பெயர் எங்கேயும் இல்லை. ஒரு மாதமாக மகள் அழுகிறாள், யாருக்காக என்று கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? அவன் பெயர் லியாம் பெய்ன். 2024 அக்டோபர் 16 சாயங்காலம் புவனஸ் அயர்ஸில் ஓட்டலின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, அதனால்தான் உங்கள் மகளுக்கு விடிகாலையில் தெரிந்திருக்கிறது. நவம்பர் 20 அன்று இங்கிலாந்தில் அமர்ஷாம் என்ற ஊரில் இறுதிச் சடங்கு. ‘ஒன் டைரக்ஷன்’ குழுவில் அவனோடு பாடிய நான்கு பேரும் வந்திருந்தார்கள்.

உங்களுக்குப் பதில் எழுதக் காரணம் லியாம் பெய்ன் இல்லை. சாவுக்கு அழுவதைப் பற்றி வேறு ஒரு கட்டுரைக்காகக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வரி என்னைக் குத்திவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ‘எங்கள் தலைமுறை’. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது உங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாவது இருந்திருக்கும். தமிழ்நாடு முழுக்க ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. மகளை விடுதிக்கு அழைத்துப்போன ஏற்காடு ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தனியாக நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை அவரை வைத்து எடுத்தது அந்தக் கம்பெனிதான். அந்த வளைவைக் கடந்துபோகும்போது உங்கள் தலைமுறையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 25 இன்னும் பக்கம். எஸ்.பி.பி. போனார். கொரோனா காலம், கூட்டம் கூடக்கூடாது. ஆனாலும் தாமரைப்பாக்கம் தோட்டத்துக்கு ஜனம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு உங்கள் கடையில் என்ன பாட்டு ஓடியது, நீங்கள் கணக்கு எழுதினீர்களா என்றெல்லாம் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தவில்லை.

போதை பற்றிய வரிக்கு என்னிடம் பதில் கிடையாது. எழவு வீட்டுக்குப் போனவன் அங்கே கேட்கிற கேள்வியில்லை அது.

இனி மைக்கேல் ஜாக்சன். 2009 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் அது முந்தின நாள் மத்தியானம். நமக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் உயிர் போயிருக்கிறது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அத்தனை பேர் அவர் பெயரைத் தேட, யாரோ தாக்குதல் நடத்துகிறார்கள் என்று கூகுள் நினைத்துக்கொண்டதாம். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் அஞ்சலி நிகழ்ச்சிக்கு டிக்கெட் கேட்டுப் பதினாறு லட்சம் பேர் பதிவு செய்து, குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. நம் சேலத்துக் குகைப் பகுதியில் நடந்தது தெரியாது.

அப்போது நான் குகையில் குடியிருந்தேன். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்தத் தெருப் பையன்கள் ஒரு டான்ஸ் குரூப் வைத்திருந்தார்கள். கோயில் விசேஷம், கல்யாண வரவேற்பு, ஆர்கெஸ்ட்ராவில் இடைவேளை என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஆடுவார்கள். அதில் ஒருவனுக்குப் பெயரே ஜாக்சன்தான். அவன் வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. பகலில் தறி ஓட்டுவான். கணுக்காலுக்கு மேலே நிற்கிற கறுப்பு பேன்ட், வெள்ளை சாக்ஸ், செவ்வாய்பேட்டையில் எங்கேயோ பிடித்த ஒரு தொப்பி. சாமி வேஷம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கையில் தன்னையும் ஒரு வண்டியில் ஏற்றச் சொல்லிக் கேட்டு, “சாமி வேஷத்துக்கு நடுவுல இது வேறயா” என்று பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அன்று மத்தியானத்துக்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் எழுந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 29.8.1958, மறைவு 25.6.2009. நடுவில் மைக்கேல் ஜாக்சன், கீழே கூலிங்கிளாஸ் போட்ட எங்கள் பையன்கள் வரிசையாக. அதற்கும் கீழே, விசேஷங்களுக்கு அணுகவும் என்று செல் நம்பர். சிரிக்காதீர்கள், எந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வைத்தவன் முகம் இல்லாமல் இருக்கிறது? ஒரு பெஞ்சில் படம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி வைத்திருந்தார்கள். ஜாக்சன் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஆடச் சொன்னார்கள், ஆடவில்லை.

அந்தத் தெருவில் ஓர் ஆயா இருந்தது. எந்தச் சாதி வீட்டுச் சாவானாலும் கூப்பிடாமலே போய் ஒப்பாரி வைக்கும். பேரனுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்த ஆயா பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டது.

“யாரு கண்ணு, நம்ம சனமா?”

“இல்ல ஆயா. அமெரிக்கா.”

“வயசு?”

“அம்பது.”

“புள்ளைங்க?”

“மூணு.”

“பெத்தவ இருக்காளா?”

இருக்கிறார் என்று பையன்களில் ஒருவன் சொன்னான். உண்மைதான், கேத்தரின் ஜாக்சன் உயிரோடுதான் இருந்தார். “அய்யோ, பெத்தவ இருக்கையிலயா” என்று ஆயா முறுக்குப் பொட்டலத்தைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தது. அப்புறம் ஒரே இழுப்பு.

அம்பது வயசுல ஆட்டத்த நிறுத்திப்புட்டு
அமெரிக்கா சீமையில அசந்து படுத்தாயோ
மூணு புள்ள வாசலுல மொகம்பாத்து நிக்கையில
மூச்சுக் காத்த எங்கவச்சு மறந்துபுட்டுப் போனாயோ

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் வெளியே வந்தார்கள். முதலில் சிரிக்கத்தான் வந்தார்கள். ஜாக்சன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் ஆயாவின் பாட்டில் அமெரிக்கா போய், மேட்டூர் வந்தது. மேட்டூர் ஆற்றில் போன அதன் மகன் வந்தான்.

இங்கேதான் உங்கள் நண்பர் மேல் எனக்குக் கோபம். இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டுவார்கள்: பாருங்கள், கிழவி மைக்கேல் ஜாக்சனுக்காகவா அழுதாள், தன் மகனுக்காக அல்லவா அழுதாள். எழுத்தாளர்களுக்கும் இது வசதி, கட்டுரை முடிந்துவிடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் நாலு வரி மைக்கேல் ஜாக்சனுக்குத்தான். வயதைக் கேட்டு, பிள்ளைகளைக் கேட்டு, தாயைக் கேட்டு, அந்த மூன்றையும் வைத்து அவருக்கென்றே கட்டிய நாலு வரி. மகன் பின்னால் வந்தான் என்பதால் முன்னால் அழுதது பொய்யாகிவிடுமா? எழவு வீட்டில் ஒரு சாவுக்குப் பின்னால் இன்னொரு சாவு வரும், அது இயல்பு. அதற்காக நடுவீட்டில் கிடப்பவனுக்கு அழவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் மகள் அழுதது லியாம் பெய்னுக்கு. திரும்பவும் சொல்கிறேன், லியாம் பெய்னுக்கு. தன் சின்ன வயதுக்கு இல்லை, விடுதித் தனிமைக்கு இல்லை, உங்கள் மேல் உள்ள கோபத்துக்கும் இல்லை. “அவனுக்காக அழவில்லை” என்று ஆலோசகர் சொன்னதும் உங்களுக்கு ஏன் நிம்மதி வந்தது தெரியுமா? அவன் யாரென்று தெரிந்துகொள்ளும் வேலை உங்களுக்கு மிச்சம். ஆனால் அவளுக்குத் தெரியும். பதினாலு வயதில் டிவி போட்டிக்கு வந்து, இரண்டு வருஷம் கழித்து வா என்று திருப்பி அனுப்பப்பட்டவன். 2010இல் சொன்னபடியே திரும்பி வந்தான். ஐந்து பேரைச் சேர்த்துக் குழுவாக்கினார்கள், உலகம் முழுக்கச் சுற்றினார்கள். ஊர் ஊராக ஓட்டல் அறைக்குள் பூட்டிவைத்த மாதிரி இருந்தோம், குடி அங்கேதான் தொற்றியது என்று பிறகு அவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறான். கடைசியிலும் ஓட்டல் அறைதான். முப்பத்தொரு வயது. ஏழு வயதில் ஒரு மகன். அப்பா, அம்மா இருக்கிறார்கள். ஆயா கேட்ட மூன்று கேள்விக்கும் உங்கள் மகளிடம் பதில் இருக்கிறது. உங்கள் வீட்டில் கேட்க ஆள் இல்லை.

தாத்தாவுக்கு அழாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா சாவுக்கு வாசலில் பந்தல் இருந்தது, பங்காளிகள் இருந்தார்கள், கட்டிக்கொண்டு அழ அத்தைகள் இருந்தார்கள். கருமாதி வரைக்கும் அன்றன்றைக்கு ஒரு வேலை இருந்தது. இவளுக்கு எங்கே போக? புவனஸ் அயர்ஸில் இருந்தவர்கள் அந்த ஓட்டல் வாசலுக்கே போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். லண்டனில் ஹைட் பார்க்கில் கூடிப் பாடினார்கள். சேலத்தில் இருப்பவளுக்குப் போன்தான் எழவு வீடு. அந்த வீட்டில் முறை சொல்லப் பெரியவர்கள் கிடையாது. அங்கேதான் அந்தப் படமும் வந்தது.

அதைப் பார்த்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறீர்கள். கை தெரிய, வயிறு தெரிய, பச்சை குத்தியதை வைத்து ஆள் இவன்தான் என்று அடையாளம் காட்டுவதற்காக ஒரு செய்தித் தளம் வெட்டிப் போட்ட படம் அது. உலகமே காறித் துப்பிய பிறகு எடுத்தார்கள். அதற்குள் எல்லார் போனுக்கும் போய்விட்டது. நம் ஊரில் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவன் மேல் முகம் தெரியாத ஆள்கூடத் தன் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுவான். மகள் அழுகிற சாவின் உடம்பை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பைத்தியம் யாருக்கு என்று என்னைக் கேட்கிறீர்கள். அந்தப் படம் இன்னும் உங்கள் போனில் இருந்தால் இந்த வரியைப் படித்ததும் அழித்துவிடுங்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன். எனக்குப் புரியாமல் இல்லை. மகள் சாப்பிடாமல் படுத்திருந்தால் எந்த அப்பாவுக்கும் வயிறு எரியும். நீங்கள் திட்டாமல் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். ஏற்காட்டு விடுதியையும் குறை சொல்லாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே பிள்ளையை விட்டுவிட்டு இறங்கி வந்தீர்கள். பனி இறங்கிய ராத்திரியில் யாரோ ஒரு அக்கா ஒளித்து வைத்திருந்த பாட்டுப் பெட்டியின் ஒரு பக்க இயர்போனை இவள் காதில் வைத்திருப்பாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டாம், பழக்கம் என்று சொல்லாமல் இருந்தால் போதும். அதேபோல இன்னும் பல நாள் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நண்பரிடம் இல்லை, டாக்டரிடம்.

அப்புறம், தமிழ்ப் பாட்டுப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன். எழவு வீட்டுக்குள் நுழைந்து அதைவிட நல்ல ஆள் இருக்கிறார் என்று ஜாதகம் நீட்டுகிற வேலை அது. அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். முழுசாகக் கேளுங்கள், நடுவில் கடையிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லிவிடலாம், சண்டை போடுவாள், போடட்டும். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.