எக்ஸ்ரே நார்மல், ஆனால் ஆஸ்துமா என்கிறார்கள். இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடுமா?

முதலில் எக்ஸ்ரே விஷயம். ஆஸ்துமா உள்ள பலருக்கு எக்ஸ்ரே நார்மலாகத்தான் இருக்கும். நிமோனியா, காசநோய் என்று வேறு எதுவும் இல்லை என உறுதிசெய்துகொள்ளவே அதை எடுக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் இருமல், விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது, படி ஏறினால் நெஞ்சில் விசில் சத்தம், ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் எனக்குத் துப்பாகப் படுகிறது. (நான் மருத்துவன் இல்லை. பல வருடங்களாக ஆஸ்துமாவோடு குடும்பம் நடத்துகிறவன்.)

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கும். தூசி, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று என்று ஏதாவது ஒன்று சீண்டினால் சுற்றியுள்ள தசை இறுகிக் குழாய் சுருங்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே விரியவும் செய்யும். இப்படி ஏறி இறங்குவதுதான் இதன் குணம் என்பதால், பரிசோதனையிலும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தேடுவார்கள்.

அதற்கான முதல் பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டிவிட்டு, முழு மூச்சையும் உள்ளே இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் வேகமாக வெளியே தள்ளச் சொல்வார்கள். காற்று தீர்ந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போதும் பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று விரட்டுவார். தலை லேசாகக் கிறுகிறுக்கும், அவ்வளவுதான். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் மருந்தைக் கொடுத்து, 10, 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு முன்பைவிட 12 சதவீதமும், கூடவே 200 மில்லிலிட்டரும் கூடியிருந்தால், சுருங்கிய குழாய் மருந்துக்கு விரிகிறது என்று பொருள். பெரியவர்களுக்கு இது ஆஸ்துமாவுக்கு வலுவான ஆதாரம்.

நீங்கள் நன்றாக இருக்கும் நாளில் எடுத்தால் இதுவும் நார்மலாக வரலாம். அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. தொந்தரவு இருக்கும்போது திரும்ப எடுக்கலாம். இல்லையென்றால் ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவி ஒன்று வாங்கி, காலையும் மாலையும் மும்முறை ஊதி, அதில் அதிகமான எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரம் போதும். காலை எண்ணுக்கும் மாலை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் போனால் டாக்டருக்கு அது பெரிய தடயம். என்னைக் கேட்டால், "ராத்திரியில்தான் சார் கஷ்டம்" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டுவது நல்லது. முடிந்தவரை இதையெல்லாம் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்; மருந்து வேலை செய்ய ஆரம்பித்தபின் ஏற்ற இறக்கம் மங்கிவிடும். மூச்சு ரொம்பத் திணறினால் மட்டும் சோதனைக்காகக் காத்திருக்காதீர்கள்.

சரி, பழகிவிடுமா என்ற பயத்துக்கு வருவோம். இன்ஹேலர் என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சொல்கிறோம். சல்பூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும், வீக்கத்தை ஒன்றும் செய்யாது. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் எடுத்தவுடன் எதுவும் தெரியாது. எனவே மக்கள் முதலாவதை நம்பிக்கையோடு அடிக்கிறார்கள், இரண்டாவதை ஸ்டீராய்டு என்று பயந்து பரணில் வைத்துவிடுகிறார்கள். நடக்க வேண்டியது நேர்மாறானது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் ஸ்டீராய்டு இதில் மைக்ரோகிராம் கணக்கில், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் நாக்கில் பூஞ்சை வருவதும் குறையும். ஜினா என்ற சர்வதேச வழிகாட்டுதலே 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சல்பூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஸ்டீராய்டும், குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுக்கும் முறையும் இப்போது உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்காவது, எடுக்கும் விதம்தான் கோளாறு என்பது என் சந்தேகம். அழுத்தி அடிக்கும் பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து விநாடி அடக்க வேண்டும். பொடி இன்ஹேலருக்கு மெதுவாக இழுத்தால் ஆகாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பம்புக்கு முன்னால் மாட்டி, அதன் வழியாக மருந்தை இழுக்கும் ஸ்பேசர் என்ற கூடு கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பெரும்பகுதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை உட்சுவரே பிடித்துக்கொள்ளும்.

தூண்டும் விஷயங்கள் ஆளுக்கு ஆள் மாறும், உங்களுடையதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறுக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும் அப்படித்தான், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் கண் சொட்டு மருந்து உட்பட. எந்த டாக்டரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு இரைப்பு, நீலம் பாரிக்கும் உதடு, பஃப் அடித்தும் அடங்காத திணறல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். விசில் சத்தம் நின்றுபோய் திணறல் மட்டும் கூடினால் அது குணமாவதன் அடையாளம் இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் போல நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். பலருக்கு மிகக் குறைந்த அளவே போதுமானதாகிவிடும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாமல் இருந்தால் சரி.