இடுப்பு மூட்டில் 'கோட்டிங்': கேட்டு வாங்க வேண்டிய ஸ்டிக்கர்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. களத்தில் நெல் காயவைக்கும்போது வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்புக்கிட்ட முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பாதி மூட்டு மாற்றினார்கள். "எலும்பு தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் கோட்டிங்" என்று கூடுதலாகப் பணம் வாங்கினார்கள். அதைத்தான் வைத்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, வலங்கைமான்

பதில்: கோட்டிங் கட்டுக்கதை இல்லை. ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் அது. நம் எலும்பில் இருக்கும் தாதுவும் கிட்டத்தட்ட அதேதான். தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் தண்டின் மேல் பிளாஸ்மா (மிகச் சூடான வாயு) சூட்டில் உருக்கித் தெளிப்பார்கள். கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். எலும்பு செல்கள் அதன்மேல் படர்ந்து புது எலும்பைக் கட்டும். 1980களின் நடுவிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் எலும்பு அந்தப் பூச்சை நேரே தொட வேண்டும். நடுவில் எலும்பு சிமெண்ட் (தண்டை எலும்புக்குள் இறுக்கிப் பிடிக்க வைக்கும் பொருள்) வந்துவிட்டால் பூச்சுக்கு வேலையே இல்லை. இந்த வயதில், இந்த முறிவுக்கு சிமெண்ட் வைப்பது நல்ல மருத்துவம்தான்; பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பும் அதையே சொல்கிறது. சிமெண்டையும் வைத்துவிட்டு கோட்டிங்குக்கும் காசு வாங்கியிருந்தால்தான் வில்லங்கம்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சு அதில் தெரியாது. சிமெண்ட் தெரியும்: பேரியம் போன்ற பொருள் கலந்திருப்பதால், பளிச்சென்ற தண்டைச் சுற்றிச் சற்று மங்கலான வெள்ளைப் பட்டையாக விழும்.

அப்புறம் ஸ்டிக்கர். இம்பிளாண்ட் (உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டு) வரும் பெட்டிக்குள் ஒரே மாதிரி ஒட்டுச்சீட்டுகள் சில இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். நிறுவனம், மாடல், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. அதன் நகலைக் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். மாடல் எண்ணை வைத்து அது பூச்சுள்ள வகையா என்று நிறுவனத்திடமே விசாரிக்கலாம். பில்லில் "இம்பிளாண்ட் சார்ஜ்" என்று மொத்தமாக ஒரே வரி இருந்தால், பிரித்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஒற்றை வரியில்தான் பல விஷயம் ஒளிந்திருக்கும்.

கணக்கு ஒத்துப்போகவில்லையா? முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குப் போடுவதற்குத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.