மூட்டுவலிக்குக் கேன்சர் மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. ரூமட்டாய்டு முடக்குவாதம். காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதினார். மருந்துக்கடையில் ஒருவர் "இது கேன்சர் மாத்திரையாச்சே" என்று சொல்லிவிட்டார். "எனக்குப் புற்றுநோய், எல்லாருமா சேர்ந்து மறைக்கிறீங்க" என்று அம்மா ஒரே அழுகை. மாத்திரையைத் தொடவே இல்லை. என்ன செய்ய, டாக்டர்?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை. இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். என் ஓ.பி.யிலும் இதே அழுகையை அடிக்கடி பார்க்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 1947-48-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதைத் தயாரித்தது எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு. நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர்தான்! மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் தம்பி. 1951-இலேயே அமினோப்டெரினால் மூட்டு வீக்கம் வடிவதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டுவிட்டார்கள். ஆனால் அப்போது எல்லாருக்கும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் மீது மோகம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அமெரிக்கா அனுமதித்தது 1988-இல்தான்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. சில புற்றுநோய்களுக்குக் கிராம் கணக்கில் ஏற்றுவோம். மூட்டுக்கு வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சிறு அளவில் அது செல்களைக் கொன்று குவிப்பதில்லை. நம் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறது. ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு மருந்து வந்த வழியும் இதுதான்: அமெரிக்கா அதை 1997-இல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதித்தது, 2006-இல் முடக்குவாதத்துக்கு.

எனக்குப் பெரிய பயம் வேறு. இது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் 'புதன்' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். (திங்கள் வேண்டாம். ஆங்கிலச் சீட்டில் 'Mon' என்ற அதன் சுருக்கத்தைக் 'காலை' (morning) என்று படித்துவிடுகிறார்கள்.) ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையை வேறு நாளில், டாக்டர் சொன்னபடி கொடுங்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று என்று போனால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

இதைப் படிக்கும் இளம்பெண்களுக்கு: கருத்தரிக்கும் எண்ணமிருந்தால் இந்த மருந்து ஆகாது. முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று உண்டு.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை "ஒண்ணும் கேக்கலையே" என்று அம்மா முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். மாத்திரை இல்லாமல் போகும் மாதங்களில் எலும்பு அரிக்கும், கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. இந்த வாரமே அதே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.