தேருக்கா, பள்ளிக்கூடத்துக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர். எங்க சர்ச் பங்கோட ஆர்.சி. பள்ளிக்கூடத்துலதான் எட்டாவது வரைக்கும் படிச்சேன், இப்ப கப்பல்ல வேலை. இந்த லீவுல பள்ளிக்கூடத்துக்கு ஒரு லட்சம் குடுக்கலாம்னு இருக்கேன். அம்மா "மாதா தேருக்கு குடு, கடல்ல உன்ன காப்பாத்துறது அவதான்"ங்கிறாங்க. அண்ணன் "எய்டட் ஸ்கூலு, கவர்மென்ட்டே சம்பளம் குடுக்குது, உனக்கெதுக்கு"ங்கிறான். கூடப் படிச்ச பசங்களும் சேர்றேங்கிறாங்க, அதுல ரெண்டு பேர் வெளிநாட்டுல இருக்காங்க. ஒரு கிளாஸ்ரூம்ல இறந்துபோன எங்க அப்பா பேரைப் போடச் சொல்லிக் கேட்டா தப்பா? மூணாங்கிளாஸ்ல தன்னோட டிபனை எனக்குக் குடுத்த டீச்சர் இன்னும் ஊர்லதான் இருக்காங்க, அவங்களுக்கும் ஏதாவது செய்யணும்.
– பேர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, மொதல்ல அண்ணனுக்குப் பதில் சொல்லிடறேன், ஏன்னா அவர் சொல்றது பாதி சரி. அனுமதிச்ச பணியிடத்துக்கு கவர்மென்ட் சம்பளம் குடுக்குது, புத்தகம், சத்துணவு எல்லாம் வருது. ஆனா கட்டடம் நிர்வாகத்தோட பொறுப்பு, பணியிடம் கிடைக்காத எடத்துல ஒரு டீச்சரைப் போட்டா அந்தச் சம்பளமும் நிர்வாகம்தான், கக்கூஸ் கழுவுற அம்மாவுக்கும் பெரும்பாலும் அங்கருந்துதான் போகணும், தமிழ் மீடியத்துல பிள்ளைங்ககிட்ட ஃபீஸ் வாங்க முடியாது, அப்ப நிர்வாகம் எங்க போகும்? இன்னொண்ணு, நிறைய திட்டம் எய்டட் பள்ளிக்கு லேட்டாத்தான் வந்து சேருது. காலை உணவு கவர்மென்ட் பள்ளிகள்ல 2022ல வந்துச்சு, கிராமத்து எய்டட் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15லதான், அதைத் தொடங்குனதே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரில ஒரு புனித அன்னாள் பள்ளிக்கூடத்துலதான். காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்கிற புதுமைப் பெண் திட்டமும் எய்டட்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கு 2024 டிசம்பர்லதான் வந்துச்சு, அந்த விழா உங்க தூத்துக்குடியிலயேதான் நடந்தது, அண்ணனுக்கே ஞாபகம் இருக்கும்.

நானும் ஒரு பங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான். எங்க பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பாள் கிடையாது. மூணு பேராத்தான் போவோம், ஒருத்தி உள்ள, ரெண்டு பேர் வெளிய கதவை இழுத்துப் புடிச்சிட்டு நிக்கணும், அந்தக் கூச்சத்துலயே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருந்த பிள்ளைங்க எத்தனை பேரு. நிர்வாகத்துல சொல்லியும் ரெண்டு வருஷம் ஒண்ணும் நடக்கல. கடைசில மீன் விக்கிற ஒரு அம்மா, எங்க கிளாஸ் பொண்ணோட அம்மா, தானே கடைல தாழ்ப்பாள் வாங்கி, ஆசாரியைக் கையோட கூட்டிட்டு வந்து மாட்டிட்டுப் போனாங்க. அன்னிக்கு இடுப்புல மீன் கூடையோட நின்னு அந்தத் தாழ்ப்பாளை மூணு தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பாத்தாங்க, இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

அதனால நீங்களா ஒண்ணு முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க. ஹெச்.எம். கிட்ட உக்காந்து, வெளிய கேக்கக் கூச்சப்பட்டு விட்டுவெச்சது என்னன்னு கேளுங்க. ஸ்மார்ட் போர்டு குடுக்க நாலு பேர் வருவாங்க, செப்டிக் டேங்க் கிளீன் பண்ண யாரும் வரமாட்டாங்க. என் யோசனை, 40,000த்தை இப்ப ரிப்பேருக்குக் குடுங்க, மீதி 60,000த்தை மாசம் 2,000மா குடுத்தா ரெண்டரை வருஷம் வரும், கழுவுற அம்மா சம்பளத்துல ஒரு பங்குக்கு ஆகும். ஃப்ரெண்ட்ஸும் இதே மாதிரி மாசாமாசம் போட்டா இன்னும் நல்லது, ஏன்னா பள்ளிக்கூடத்துக்கு செலவு மாசாமாசம்தானே வருது.

அம்மா மனசை நோகடிக்காதீங்க, அவங்க பயம் உங்களைப் பத்தினது. தேருக்கும் ஒரு தொகை குடுங்க, அந்த லட்சத்துல இருந்து எடுக்காம தனியா. அப்புறம் அவங்ககிட்ட, ஐரோப்பாவுல இருந்து வேதம் போதிக்க வந்த புனித சவேரியார் கதையைச் சொல்லுங்க. அவர் 1542ல உங்க கரைக்கு வந்தப்ப, முத்துக்குளித்துறைன்னு சொல்ற இந்தக் கரைல இருந்து போர்ச்சுகல் ராணிக்கு செருப்புச் செலவுக்குன்னே வருஷத்துக்கு 400 பொற்காசு போய்ட்டு இருந்துச்சு. ஊர் ஊரா பிள்ளைங்களைக் கூட்டி செபம் சொல்லிக்குடுக்கிற கணக்கப்பிள்ளைமாருக்கு சம்பளம் குடுக்க அந்தப் பணத்தைத்தான் அவர் ராணி கேத்தரினுக்கு எழுதிக் கேட்டு வாங்குனாரு. இந்தக் கரைப் பிள்ளைங்களைவிட நல்ல செருப்பு உங்களுக்கு மோட்சத்துக்குப் போகக் கிடைக்காதுங்கிற மாதிரி எழுதினாராம். சவேரியாரே கேட்ட காசுன்னா அம்மா வேணாம்னு சொல்லமாட்டாங்க.

பணம் குடுக்கிற விதம் முக்கியம். பள்ளிக்கூடம் இல்லைனா அதை நடத்துற மறைமாவட்ட சொசைட்டியோட அக்கவுண்ட்டுக்குத்தான் போடணும், யாரோட சொந்த ஜிபேக்கும் வேண்டாம், ஃபாதரா இருந்தாலும் சரி, அவர் மேல சந்தேகம்னு இல்ல, அவருக்கு நாளைக்கு மாற்றல் வரும், அடுத்து வர்றவருக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும். தாளாளர் கையெழுத்தோட ரசீது வாங்குங்க, எதுக்குக் குடுத்தீங்கன்னு பங்குப் பேரவை மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கணக்கைப் படிக்கச் சொல்லுங்க. நன்கொடைக்கு வருமான வரில விலக்கு (80ஜின்னு சொல்றது) வேணும்னா சொசைட்டிக்கு அந்தப் பதிவு இருக்கணும், கேஷ்னா 2,000க்கு மேல செல்லாது, புது வரி முறைல இருக்கிறவங்களுக்கு அந்த விலக்கே இல்ல. வெளிநாட்டு ஃப்ரெண்ட்ஸ்ல இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கவர் தன் சொந்த சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. அந்த நாட்டு குடியுரிமை வாங்கியிருந்தா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வந்துடும், சொசைட்டிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்து, டெல்லி எஸ்.பி.ஐ. மெயின் பிராஞ்ச்ல சொசைட்டிக்கு இருக்கிற அக்கவுண்ட்டுக்குத்தான் போகணும். நல்லெண்ணத்துல உங்க அக்கவுண்ட்டுக்கு வாங்கி நீங்க குடுத்துடாதீங்க, நாளைக்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் தலைவலி.

அப்பா பேர் போடணும்னு கேக்கறது தப்பே இல்ல, இருந்தாலும் நானா இருந்தா சுவத்துல போடமாட்டேன். தினமும் அந்த ரூம்ல உக்கார்ற பிள்ளைக்கு இது என் கிளாஸுன்னு தோணணும், யாரோ குடுத்ததுன்னு தோணக் கூடாது. அப்பா நினைவு நாள்ல பூசைக்கு எழுதிக் குடுங்க, ஹெச்.எம். சம்மதிச்சா அன்னிக்கு மதியம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் பாயசம் போடுங்க, நீங்களே கரண்டி புடிச்சு ஊத்துங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு பிள்ளைங்களை வரிசையா நிக்க வெக்கக் கூடாது. ஏழாவது படிக்கும்போது நோட்டு வாங்க அப்படி நின்னவ நான், நோட்டைவிட அந்த வெயில்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

டீச்சர் விஷயம். பள்ளிக்கூட வேலை எல்லாம் முடியட்டும்னு இதைத் தள்ளிப் போடாதீங்க, கப்பல் ஏர்றதுக்கு முன்னாடி போய்ட்டு வாங்க, முடிஞ்சா இந்த வாரமே. சேலை, பழம் எல்லாம் சரிதான், அதோட நீங்க கப்பல்ல யூனிஃபார்ம்ல நிக்கிற போட்டோ ரெண்டு பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டு போங்க. வயசான கண்ணு, போன்ல காட்டினா சரியாத் தெரியாது. சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லிடாதீங்க, அவங்க கையால போடுறதை உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க.