லிப்பிட் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப்போகும் மகள் லிப்பிட் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், கொழுப்பைப் படித்தவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செடியோ பாக்டீரியாவோ, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு லிப்பிட்தான் அடிப்படை. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் செடி தன் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிட்டில் (பாஸ்பரஸ் உள்ள லிப்பிட்டில்) ஒரு பகுதியை உடைத்து, அந்தப் பாஸ்பரஸை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தைப் பாஸ்பரஸ் இல்லாத, சர்க்கரை சேர்ந்த கேலக்டோலிப்பிட்டால் நிரப்பிவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, சவ்வு லிப்பிட்டில் லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிக்கொண்டு, கிருமியைக் கொல்லும் நம் உடலின் தற்காப்புப் பெப்டைடுகளிடமிருந்து (சிறு புரதத் துண்டுகளிடமிருந்து) தப்பிக்கிறது. இந்த மாற்றங்களை மூலக்கூறு மூலக்கூறாக எடைபோட்டுக் காட்டுவது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற முறையும் அதற்கான கருவியும்.

கருவியைவிடக் கைப்பக்குவம்தான் இதில் கடினம். இலையைப் பறித்ததும் அதிலுள்ள என்சைம்கள் லிப்பிட்டை உடைக்கத் தொடங்கிவிடும். அதனால் ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இலையைப் பறித்த கையோடு, என்சைம்களை நிறுத்த, 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலிருக்கும் ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலில் போடுவார்கள். தாமதித்தால், லிப்பிட் உடைந்து உருவாகும் பாஸ்பாடிடிக் அமிலம் கூடுதலாகத் தெரியும். அது செடிக்குள் நடந்த மாற்றமா, நம் தாமதத்தால் வந்ததா என்று பிறகு பிரித்தறிய வழியில்லை. அப்புறம் கணினி ஒரு லிப்பிட்டுக்கு 34:2 என்று ஒரு பெயர் தரும்; கொழுப்பு அமிலங்களில் மொத்தம் 34 கார்பன், 2 இரட்டைப் பிணைப்பு என்று பொருள். அது 16:0, 18:2 என்ற இரு கொழுப்பு அமிலங்களின் சேர்க்கையாக இருக்கலாம். 16:1, 18:1 சேர்க்கையாகவும் இருக்கலாம். எடை ஒன்றுதான். மேலும் உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தச் சந்தேகம் தானாக எழும் பிள்ளையை எந்த ஆய்வகமும் விடாது.

சரி, வேலை. லிப்பிட்டுக்கென்றே இயங்கும் ஆய்வகங்கள் நம் நாட்டில் குறைவு, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதே கருவி மருந்து நிறுவனங்களில் ரத்தத்திலுள்ள மருந்தின் அளவைப் பார்க்கிறது, உணவில் பூச்சிக்கொல்லி எச்சத்தைத் தேடுகிறது, பச்சிளங்குழந்தைகளின் பிறவி வளர்சிதைக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கிறது. லிப்பிட்டில் பழகிய கை இங்கெல்லாம் செல்லும். பிஎச்.டி. செய்வதென்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும். 2023-இல் உயர்த்தியபடி, சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டுக்குப் பாரம் இருக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு வாரப் பயிற்சி, சான்றிதழ் என்று பணம் கட்ட வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படிப் பணம் கட்டிப் போய், கருவியைத் தொடாமலேயே திரும்பினான். கடைசிப் பருவத்து ஆறு மாதப் புராஜெக்ட்டை, மாணவர்களைச் சாம்பிள் தயாரிப்பிலிருந்து தரவு வரை செய்யவிடும் இடத்தில் செய்யட்டும். சேருவதற்கு முன் அங்கே படிக்கும் சீனியர்களிடம் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். கொஞ்சம் புள்ளியியலும், தரவை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற கணினி நிரல்மொழியும் இப்போதே தொடங்கட்டும்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள், லேப் நோட்டோடு. எங்கே விண்ணப்பிக்கலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.