முடிவெடுக்கும்போது அறிவைக் கேட்பதா, மனதைக் கேட்பதா?

இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்துவதில்தான் கோளாறு தொடங்குகிறது. உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டால் அறிவு கூர்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான்.

நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதியில் ஓரிடம் சேதமடைந்தவர்களை ஆராய்ந்தார். அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்களுக்குக் குறையில்லை, உணர்ச்சிகள்தான் மழுங்கியிருந்தன. அவர்களில் ஒருவரிடம், அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டார். அவர் நாட்குறிப்பைப் புரட்டினார். மற்ற வேலைகள், அன்றைய வானிலை என்று ஏறக்குறைய அரை மணி நேரம் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். முடிவு மட்டும் வரவில்லை. கடைசியில் டமாசியோவே ஒரு தேதியைச் சொன்னதும், சரியென்று கிளம்பிவிட்டார். 'அற்ப விஷயம், விடு' என்று தடுக்க வேண்டிய சலிப்பு அவருக்குள் எழவே இல்லை!

அதற்காகக் கோபம் வந்தவுடன் ராஜினாமா கடிதத்தை அனுப்பிவிடலாம் என்று பொருளல்ல. எழுதுங்கள், தவறில்லை. அனுப்புவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். பசியிலும் தூக்கக் குறைவிலும் வந்த கோபமென்றால் இரவோடு கரைந்திருக்கும். காலையிலும் அதே வரி சுருக்கென்று தைத்தால், அந்தக் கோபம் ஏதோ ஓர் அநியாயத்தைச் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறது; அது எது என்று கண்டுபிடிப்பதுதான் அறிவின் வேலை. இப்படி நான் எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றைத்தான் அனுப்பினேன். மற்ற இரண்டையும் இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.