ஊருக்கு ஒரு நூலகம்: சாவி யார் கையில்?

கேள்வி: எங்கள் கிராமத்தில் 200 வீடுகள். பக்கத்து நூலகத்துக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். நண்பர்கள் சேர்ந்து 400 புத்தகங்கள் திரட்டியிருக்கிறோம். பழைய சத்துணவுக் கூடம் சும்மா கிடக்கிறது. எப்படித் தொடங்குவது? அரசு பின்னால் ஏற்றுக்கொள்ளுமா?

பதில்: முதலில் உங்கள் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். 1948-இல் வந்த தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஆகவே மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கப் போகும்போது கைகட்டி நிற்க வேண்டாம். ஊர்ப்புற நூலகமோ பகுதி நேர நூலகமோ வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் கே. எம். செல்லப்பா 1933-இல் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். மறு வருடம் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். 1935-இல் பட்டின சபை ஏற்றுக்கொண்டது. நடக்கிற நூலகத்தைக் காட்டிக் கேட்பதற்கும் வெறும் மனுவோடு கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கட்டடத்துக்கு வாய்வார்த்தை போதாது. தலைவர் மாறினால் பூட்டும் மாறும். ஊராட்சி மன்றத் தீர்மானத்தின் நகல் கையில் இருக்கட்டும். ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்தால், சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம்.

அப்புறம் அந்த 400 புத்தகங்கள். கிளை நூலகங்களிலேயே காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், நன்கொடையாக வருவதில் பாதி பழைய கைடுகளும் பஞ்சாங்கமும்தான். தயங்காமல் பழைய பேப்பர் கடைக்கு அனுப்புங்கள். மிச்சத்தை ஒரு நீள நோட்டில் ஏற்றுங்கள்: வரிசை எண், தேதி, தலைப்பு, ஆசிரியர், விலை, கொடுத்தவர் பெயர். அதே எண்ணைத் தலைப்புப் பக்கத்திலும், உள்ளே ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் எழுதுங்கள். நாங்கள் 21-ஆம் பக்கத்தில் எழுதுவோம். அட்டை கிழிந்து, முதல் தாள் காணாமல் போய்த் திரும்பி வந்த எத்தனையோ புத்தகங்களை அந்தப் பக்கத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நாலு விரற்கடை இடைவெளி விட்டால் கறையான் ஏறுவது கண்ணில் படும். ராமபாணப் பூச்சிக்கு மருந்தைவிட, புத்தகத்தை அடிக்கடி எடுத்துத் தட்டுவதே மேல்.

நான் பார்த்தவரை ஊர் நூலகங்கள் புத்தகம் இல்லாமல் மூடப்பட்டதில்லை. கதவு திறக்க ஆள் இல்லாமல்தான் மூடப்பட்டிருக்கின்றன. எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் மூன்றாவது வாரமே பூட்டு தொங்கும். ஆகவே தினமும் மாலை 5 முதல் 7 வரை என்று பலகையில் எழுதி, இரண்டு பேருக்கு மாதம் சிறு தொகையாவது கொடுத்துச் சாவியை ஒப்படையுங்கள். வீட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 4,000 ரூபாய் வரும். பாதி வீடுகள் கொடுத்தாலே தொடங்கிவிடலாம்.